டாட்ஜர்ஸ் 58, பாட்ரேஸ் 43: பேஸ்பால் கணிப்புச் சந்தையில் விலை எப்படிப் பிறக்கிறது?

அமெரிக்கக் கணிப்புச் சந்தைச் செயலி ஒன்றைத் திறந்து பேஸ்பால் பக்கம் போனால் இப்படி ஒரு வரி இருக்கும்: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 58, சான் டியேகோ பாட்ரேஸ் 43. எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. வரி இருக்கும் விதம் இதுதான். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கிறது. பேஸ்பாலில் 9 இன்னிங்ஸ் முடிந்தும் ஸ்கோர் சமமாக இருந்தால், யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடிக்கொண்டே போவார்கள். ஆக, இருவரில் ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும். அப்படியானால் 58-ஐயும் 43-ஐயும் கூட்டினால் 100 தானே வர வேண்டும்? 101 வருகிறது. அந்தக் கூடுதல் ஒரு சென்ட் ஏன் வந்தது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் இந்தச் சந்தை பாதி புரிந்த மாதிரி. அதற்கு முன்னால் அங்கே என்ன விற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

விற்பனைக்கு இருப்பது ஒரு ஒப்பந்தம். அதில் ஒரே ஒரு கேள்வி: "இந்த ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் ஜெயிக்குமா?" ஜெயித்தால் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு 1 டாலர். தோற்றால் ஒன்றுமில்லை. ஒரு ரன்னில் ஜெயித்தாலும் பத்து ரன்னில் ஜெயித்தாலும் அதே ஒரு டாலர்தான். 58 சென்ட் கொடுத்து வாங்கியவருக்கு டாட்ஜர்ஸ் ஜெயித்தால் 42 சென்ட் லாபம். தோற்றால் 58 சென்ட்டும் போய்விடும். எவ்வளவு போகலாம் என்பது வாங்கும்போதே தெரியும். கட்டணத்தைத் தவிர, அதற்கு மேல் ஒரு காசு போகாது.

அந்த ஒரு டாலரை யார் தருகிறார்கள்? சந்தையை நடத்தும் நிறுவனம் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். டாட்ஜர்ஸ் ஜெயிக்கும் என்று 58 சென்ட் வைக்க ஒருவர் தயார். ஜெயிக்காது என்று 42 சென்ட் வைக்க இன்னொருவர் தயார். இரண்டையும் சேர்த்தால் சரியாக ஒரு டாலர். நிறுவனம் அந்த டாலரைப் பூட்டி வைக்கிறது. இரு பக்கமும் ஆளுக்கொரு ஒப்பந்தம் கிடைக்கிறது. ஆட்டம் முடிந்ததும் டாலர் ஜெயித்தவர் கைக்குப் போகிறது. எதிரெதிர் ஆட்கள் இருவர் கிடைக்காவிட்டால் ஒப்பந்தமே பிறக்காது. நிறுவனத்துக்குக் கிடைப்பது இடைத்தரகுக் கட்டணம்தான். யார் ஜெயித்தாலும் அதற்குக் கவலையில்லை.

புக்கியிடம் பணம் கட்டுவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். புக்கியின் கடையில் விலையைக் குறிப்பவர் புக்கி. உங்கள் எதிராளியும் அவர்தான். அமெரிக்காவில் டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் போன்ற பந்தய நிறுவனங்கள் இதே ஆட்டத்துக்கு "டாட்ஜர்ஸ் மைனஸ் 140, பாட்ரேஸ் பிளஸ் 120" என்று எழுதி வைக்கும். மைனஸ் 140 என்றால் 100 டாலர் லாபம் பார்க்க 140 டாலர் கட்ட வேண்டும். பிளஸ் 120 என்றால் 100 கட்டினால் 120 லாபம். இதைச் சந்தை மொழிக்கு மாற்றுவது எளிது: கட்டும் பணத்தை, ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். 140-ஐ 240-ஆல் வகுத்தால் 58.3. 100-ஐ 220-ஆல் வகுத்தால் 45.5. கூட்டினால் 103.8. 100-க்கு மேல் இருக்கும் அந்த 3.8 தான் புக்கியின் பிழைப்பு. இரு அணிகளும் சமம் என்று அவர் நினைத்தால் இரு பக்கமும் மைனஸ் 110 போடுவார். அப்போது கூட்டுத்தொகை 104.8 ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடர்ந்து ஜெயிக்கிறவரைப் புக்கிக்குப் பிடிக்காது. அமெரிக்கப் பந்தய நிறுவனங்கள் கெட்டிக்கார வாடிக்கையாளர்களுக்குக் கட்டும் தொகையில் வரம்பு போட்டுச் சுருக்கிவிடுவது ஊரறிந்த விஷயம். சந்தையில் அந்த வேலை நடப்பதில்லை. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் விரட்டியடித்த அந்தக் கெட்டிக்காரர்கள் எல்லோரும் சந்தையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அதற்கு அர்த்தம்.

அந்த ஒரு சென்ட்

இப்போது 101-க்கு வருவோம். திரையில் தெரியும் 58 என்பது, டாட்ஜர்ஸ் ஒப்பந்தத்தை இந்த நொடி வாங்க நீங்கள் கொடுக்க வேண்டிய மிகக் குறைந்த விலை. அதன் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆர்டர் புக் என்பார்கள். 58-க்கு 200 ஒப்பந்தம் விற்க ஆள் இருக்கிறது, 59-க்கு 500, 60-க்கு 1,000 என்று அது மேலே போகும். கீழ்ப்பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள்: 57-க்கு 300, 56-க்கு 800 என்று வரிசை. வாங்க வந்தவர் தரும் அதிக விலை 57, விற்க வந்தவர் கேட்கும் குறைந்த விலை 58. நடுவில் ஒரு சென்ட் இடைவெளி.

டாட்ஜர்ஸை 57-க்கு வாங்க ஒருவர் நிற்கிறார் என்றால், பாட்ரேஸ் பக்கம் 43 வைக்க ஒரு ஆள் வந்தால் அவருக்குப் போதும். 57-உம் 43-உம் சேர்ந்து ஒரு டாலர் ஆகிவிடும். அதனால் பாட்ரேஸ் 43 என்று திரை காட்டுகிறது. ஆக, 58-உம் 43-உம் ஒரே பட்டியலின் இரு முனைகள். கூடுதல் ஒரு சென்ட், காய்கறிச் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் போன்றது. அவசரப்படுகிறவர் கொடுக்கிறார், பொறுமையாக நிற்கிறவர் எடுக்கிறார். இரு பக்கமும் விலை சொல்லிக்கொண்டு நாள் முழுதும் நிற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த ஒரு சென்ட்டின் பெரும்பகுதி அவர்களுக்குப் போகிறது.

பட்டியலைப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. "எந்த விலையானாலும் பரவாயில்லை, 1,000 ஒப்பந்தம் வேண்டும்" என்று அழுத்துகிறீர்கள். 58-இல் இருக்கும் 200 தீரும், 59-இல் இருக்கும் 500 தீரும், மிச்சம் 300 உங்களுக்கு 60-இல் கிடைக்கும். மொத்தம் 591 டாலர். சராசரி 59.1 சென்ட். திரையில் பார்த்தது 58, கொடுத்தது 59.1. பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடர் மாதிரி பெரிய ஆட்டங்களில் பட்டியல் கனமாக இருக்கும். ஏப்ரல் மாதத்து வார நாள் மதியம், யாரும் கவனிக்காத இரண்டு அணிகள் ஆடும் ஆட்டத்தில் இந்தத் தேய்மானம் நன்றாகவே தெரியும்.

இதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது, விலை குறிப்பிட்டு ஆர்டர் போட்டுக் காத்திருப்பது. "56-க்குக் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் வேண்டாம்." நல்ல யோசனைதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இதில்தான். நீங்கள் 56-க்கு ஆர்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டீர்கள். அந்த நேரத்தில் டாட்ஜர்ஸுக்காக அன்று முதலில் பந்து வீச வேண்டிய பிட்சருக்குத் தோள்பட்டை வலி, இன்று அவர் வீசமாட்டார் என்று செய்தி வருகிறது. ஒப்பந்தத்தின் நியாயமான மதிப்பு இப்போது 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தியை முதலில் பார்த்தவர் உங்கள் 56-ஐத் தேடி வந்து உங்களிடம் விற்றுவிடுவார். திரும்பி வந்து பார்க்கும்போது "கேட்ட விலைக்கே கிடைத்துவிட்டது" என்று சந்தோஷம் இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு. செய்தி எதுவும் வராத நாட்களில் உங்கள் ஆர்டர் நிறைவேறாமலே கிடக்கும். கெட்ட செய்தி வந்த நாளில் மட்டும் கச்சிதமாக நிறைவேறும். காத்திருப்பதும் இலவசம் கிடையாது.

மற்ற ஆட்டங்களிலிருந்து பேஸ்பால் எங்கே வேறுபடுகிறது

பேஸ்பாலில் பலசாலிக்கும் நோஞ்சானுக்கும் உள்ள தூரம் ஒரே நாளில் தெரியாது. வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றும் பருவத்துக்கு 162 ஆட்டம். 2001-இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. 1906-இல் சிகாகோ கப்ஸ் வைத்த எண்ணிக்கையைத் தொட்ட ஒரே அணி அது. அந்த மகா அணியும் 46 ஆட்டம் தோற்றிருக்கிறது. மறுகோடியில் 2024-இன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் அவ்வளவு தோற்ற அணி வேறில்லை. அவர்களும் 41 முறை ஜெயித்தார்கள். அதாவது நாலுக்கு ஒன்று. ஒரு சாதாரண வருடத்தின் மிகச் சிறந்த அணி 100 ஆட்டம் ஜெயித்தால் அது 62 சதவீதம்தான்.

அதனால்தான் தனி ஆட்டத்துக்கான விலைகள் பெரும்பாலும் 35-க்கும் 65-க்கும் நடுவிலேயே உலவும். 58 என்பதை "டாட்ஜர்ஸ்தான் ஜெயிக்கப் போகிறது" என்று படிக்கக் கூடாது. இதே மாதிரி நூறு ஆட்டம் நடந்தால் 42-இல் தோற்கும் என்று சந்தை ஒப்புக்கொள்கிறது என்று படிக்க வேண்டும். டாட்ஜர்ஸ் தோற்றுவிட்டால் சந்தை தப்பாகச் சொல்லிவிட்டது என்று சொல்வது, மழை வர 58 சதவீத வாய்ப்பு என்ற வானிலை அறிக்கையைக் குடை கொண்டு போன ஒரே நாளை வைத்துத் திட்டுவது மாதிரி. 58 என்று விலை இருந்த ஆட்டங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் ஏறக்குறைய 58 சதவீதம் ஜெயித்ததா என்று பார்த்தால்தான் சந்தை யோக்கியமா இல்லையா என்று தெரியும்.

அந்த 58 எதனால் ஆனது? முதல் காரணம் அன்றைக்கு ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர். அணிகள் வழக்கமாக ஐந்து தொடக்கப் பிட்சர்களைச் சுழற்சியில் வைத்திருக்கும். அதனால் நேற்று 64-இல் இருந்த அதே அணி, அதே எதிராளியோடு, இன்று 52-இல் நிற்கலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்; ஒரு பந்துவீச்சாளர் மாறியதற்கு அணியின் வாய்ப்பே இவ்வளவு ஆடுமா என்று தோன்றும். ஆட்டத்தின் பாதிக்கு மேல் ஒரே ஆள் வீசுகிறார் என்று நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் குறையும். அடுத்தது சொந்த மைதானம். உள்ளூர் அணிகள் நெடுங்கால சராசரியில் நூற்றுக்கு 53, 54 ஆட்டம் ஜெயிக்கின்றன. பிறகு அன்றைய ஆட்டக்காரர் பட்டியல், முந்தின நாள் களைத்துப்போன மாற்று பிட்சர்கள், காற்று. எத்தனை ரன் வரும் என்ற ஒப்பந்தங்களுக்குக் காற்றும் உயரமும் முக்கியம். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மெலிந்த காற்றில் பந்து தூரம் போகும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் யாரும் ரன் எண்ணிக்கையைத் தொடமாட்டார்கள்.

இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. விலைக்கும் இவை முன்பே தெரியும் என்பதுதான் சங்கடம். இந்த டாட்ஜர்ஸ் பிட்சர் பிரமாதமானவர் என்பது 58-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்று சந்தை உங்களைக் கேட்கவில்லை. இந்த விலை சரியா, தப்பா என்று கேட்கிறது. இரண்டும் வேறு கேள்விகள். டாட்ஜர்ஸ் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டே பாட்ரேஸை வாங்குகிறவர் முட்டாள் இல்லை. டாட்ஜர்ஸின் உண்மை வாய்ப்பு 53 என்று அவர் கணக்கிட்டிருந்தால் 43-க்கு விற்கும் பாட்ரேஸ் அவருக்கு மலிவு.

ஆட்டம் நடக்கும்போது

2025 நவம்பர் 1, டொராண்டோ. உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் போ பிஷெட்டின் ஹோம் ரன்னில் (பந்தை வேலிக்கு மேல் அடிப்பது) டொராண்டோ புளூ ஜேஸ் 3-0 என்று முந்தியது. வெளியூர் அணி மட்டையடிக்கும், ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதியில் 4-3. டாட்ஜர்ஸ் மட்டையடிக்கிறது, ஒருவர் அவுட், பேஸில் (ரன்னுக்கு ஓடுகிறவர் நிற்கும் இடங்கள்) யாருமில்லை. இந்த நிலையில் முன்னிலையில் இருக்கும் உள்ளூர் அணி பத்துக்கு ஒன்பது முறை ஜெயித்துவிடும். அதாவது டொராண்டோ ஒப்பந்தத்தின் நியாய விலை 90-ஐ ஒட்டி. ஹோம் ரன்னுக்குப் பேர்போனவர் என்று யாரும் சொல்லாத மிகெல் ரோஹாஸ், ஒரு ஹோம் ரன் அடித்தார். 4-4. ஒரே அடியில் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிய வேண்டிய இடம்.

உள்ளூர் அணி மட்டையடிக்கும், அதே இன்னிங்ஸின் கீழ்பாதியில் டொராண்டோ மூன்று பேஸிலும் ஆட்களை நிறுத்திவிட்டது, ஒருவர் மட்டும் அவுட். இந்த இடத்தில் விலையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இப்படியொரு நிலையில் ஒரு ரன்னாவது வந்துவிட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று வையுங்கள். வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வராவிட்டால் கூடுதல் இன்னிங்ஸ். அங்கே பாதிக்குப் பாதி. மூன்றில் இரண்டோடு, மிச்சமுள்ள மூன்றில் ஒன்றின் பாதியைக் கூட்டினால் ஆறில் ஐந்து. அதாவது 83 சென்ட். விலை என்பது இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கணக்குகள்தான். மந்திரம் ஒன்றும் கிடையாது. ரன் வரவில்லை. 11-வது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்து, டாட்ஜர்ஸ் 5-4 என்று ஜெயித்தது. 90, 50, 83 என்று ஏறி இறங்கி, கடைசியில் பூஜ்யம்.

ஒப்பந்தத்தை முடிவுவரை வைத்திருக்கக் கட்டாயமில்லை. ஆட்டத்துக்கு முன் டொராண்டோவை 45-க்கு வாங்கியிருந்த ஒருவர், எட்டாவது இன்னிங்ஸில் 80-க்கு விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கலாம். யாரோ அதை 80-க்கு வாங்கி அழுதிருப்பார். புக்கிகளும் பாதியில் பணம் எடுக்கும் வசதி தருகிறார்கள், ஆனால் அந்த விலையைச் சொல்பவர் அவரேதான்.

இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ நீங்கள் பார்க்கும் நேரலை உண்மையில் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூட, பழையது. மைதானத்திலிருந்து நேராகத் தரவு வாங்கும் நிறுவனங்களின் கணினிகள் பந்து விழுந்த கணத்திலேயே விலையை மாற்றிவிடும். "அட, பந்து வேலியைத் தாண்டிவிட்டது, விலை இன்னும் ஏறவில்லையே" என்று உங்களுக்குத் தோன்றும் வாய்ப்பு அநேகமாக வராது. விலை தானாக நகர்வதைப் பார்த்து, அடுத்து திரையில் ஹோம் ரன் வரப்போகிறது என்று தெரிந்துகொள்வதுதான் நடைமுறையில் நடக்கும். ஆட்டத்தின் சுவாரசியமே போய்விடும் என்பது என் புகார்.

கட்டணம் தின்னும் பங்கு

அமெரிக்கக் கணிப்புச் சந்தை நிறுவனமான கால்ஷியின் பொதுவான கட்டண வாய்பாடு இது: ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை விலையாலும், ஒரு டாலரில் மிச்சமுள்ள தொகையாலும் பெருக்கி, அதில் 7 சதவீதம். 58 சென்ட்டுக்கு 100 ஒப்பந்தம் வாங்கினால் 100 × 0.58 × 0.42 × 0.07, அதாவது சுமார் 1 டாலர் 71 சென்ட். கட்டண அட்டவணைகள் மாறக்கூடியவை, ஆனால் வடிவத்தைக் கவனியுங்கள்: விலை 50-இல் இருக்கும்போது கட்டணம் உச்சம், 90-இலோ 10-இலோ குறைவு. பேஸ்பால் விலைகள் எங்கே உலவுகின்றன? சரியாக நடுவில்.

ஆக 58-க்கு வாங்கியது உண்மையில் 59.7-க்கு வாங்கியதாகிறது. முதலுக்கு மோசம் வராமல் இருக்கவே டாட்ஜர்ஸ் ஏறக்குறைய 60 சதவீதம் ஜெயிக்க வேண்டும். சந்தை 58 என்கிறது, நீங்கள் 61 என்கிறீர்கள். இந்த மூன்று புள்ளி வித்தியாசத்தில் உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்று எத்தனை ஆட்டம் ஆடினால் தெரியும்? 58 சதவீத வாய்ப்புள்ள ஆட்டங்கள் நூறை எடுத்தால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஜெயிப்பது 53 முதல் 63 வரை எங்கும் இருக்கலாம். அந்த எல்லைக்கு வெளியேயும் மூன்றில் ஒரு தடவை போகும். நூறு ஆட்டத்தில் 62 ஜெயித்துவிட்டுத் தன்னை ஞானி என்று நினைப்பவரையும் உண்மையான கெட்டிக்காரரையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆயிரம் ஆட்டம் வேண்டும். அதற்குள் கட்டணம் ஆயிரம் தடவை போயிருக்கும்.

"உலகத் தொடரை வெல்லப்போவது யார்" என்ற பருவ ஒப்பந்தங்களும் உண்டு. அவை மார்ச்சில் வாங்கி அக்டோபர் கடைசிவரை பணத்தைப் பூட்டி வைப்பவை. 30 அணிகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள், 100-ஐத் தாண்டி நிற்கும். 2 சென்ட், 3 சென்ட் அணிகளை லாட்டரிச் சீட்டு மாதிரி வாங்குவோரே அதற்குப் பெரிய காரணம்.

வெங்காயம் கூடாது, பேஸ்பால் கூடும்

இது சூதாட்டமா, வணிகமா என்ற வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் ஓடுகிறது. 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கத் தடையாயிருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் விரும்பிய மாநிலங்கள் உரிமம் கொடுத்து வரி வாங்கி வருகின்றன. கணிப்புச் சந்தைகளோ மாநிலத்திடம் போகவில்லை. தங்களுடையது பண்டக முன்பேர ஒப்பந்தம், கோதுமைக்கும் கச்சா எண்ணெய்க்கும் இருப்பது போல, என்று சொல்லி முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசின் சி.எஃப்.டி.சி. ஆணையத்தின் கீழ் நிற்கின்றன. கால்ஷிக்கு அந்த ஆணையத்தின் அனுமதி 2020-இல் கிடைத்தது. 2025 ஜனவரியில் விளையாட்டு ஒப்பந்தங்களுக்கு வந்தார்கள். மார்ச்சுக்குள் நெவாடா, நியூஜெர்சி மாநிலங்கள் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பின. நியூஜெர்சியில் கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது, மேரிலாந்தில் எதிர்ப்பக்கம். கிரிப்டோ நாணயத்தில் ஓடும் பாலிமார்க்கெட், 2022 ஜனவரியில் அதே ஆணையத்திடம் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டி அமெரிக்கர்களை வெளியேற்றியது. 2025-இல் உரிமம் பெற்ற வேறொரு சந்தையை விலைக்கு வாங்கித் திரும்பி வர வழி செய்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பண்டகச் சட்டத்தில் எல்லாச் சரக்கும் பண்டகம்தான், வெங்காயத்தையும் திரைப்பட வசூலையும் தவிர என்று எழுதியிருக்கிறது. 1950-களில் சிகாகோவில் இரண்டு வியாபாரிகள் வெங்காயத்தை மொத்தமாக வளைத்துப் போட்டு விலையைக் கவிழ்த்ததால், 1958-இல் வெங்காய முன்பேர வணிகத்தையே தடை செய்தார்கள். இன்றும் அந்தத் தடை இருக்கிறது. ஆக அமெரிக்காவில் அடுத்த மாத வெங்காயத்துக்கு ஒப்பந்தம் போட முடியாது. இன்றிரவு டாட்ஜர்ஸ் ஜெயிக்குமா என்பதற்குப் போடலாம்.

நம் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது, ப்ரோபோ போன்ற உள்நாட்டுச் செயலிகள் அதோடு பண ஆட்டத்தை நிறுத்தின. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட்டை முடக்கியது. பணம் வைக்காமல் விலையை மட்டும் பார்க்க முடிகிற இடத்தில், ஆட்டம் பார்க்கும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கும்.

பேஸ்பாலுக்குப் பந்தயத்தோடு பழைய பகை உண்டு. 1919 உலகத் தொடரில் விலைபோனதாக எட்டு ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் ஆயுள் தடை பெற்றார்கள், நீதிமன்றம் விடுவித்த பிறகும். 2024 ஜூனில் டுகுபிடா மர்கானோ என்ற மேஜர் லீக் ஆட்டக்காரர் பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காக ஆயுள் தடை பெற்றார். சந்தை முறையில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பிட்சரின் முழங்கை வலிப்பதை அறிந்த ஒருவர் புக்கியிடம் போனால் நஷ்டம் பந்தய நிறுவனத்துக்கு. சந்தைக்குப் போனால் நஷ்டம் எதிரே இருக்கும் சாதாரண ஆளுக்கு, அதாவது 56-க்கு ஆர்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவருக்கு.

ஆட்டம் எப்போது முடிகிறது?

கடைசியாக, யாரும் படிக்காத பகுதி: ஒப்பந்தத்தின் விதிகள். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் பணம் திரும்புமா, புதிய தேதிவரை காத்திருக்க வேண்டுமா? ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தால் உங்கள் ஒப்பந்தம் எதற்கு? பிட்சர் மாறினால் சில புக்கிகளிடம் பந்தயத்தை ரத்து செய்துகொள்ளும் வகை உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா? ஒவ்வொரு சந்தையும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது, வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது அதைத்தான்.

2024 ஜூன் 26 அன்று பாஸ்டனில் ரெட் சாக்ஸும் புளூ ஜேஸும் ஆடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றது. அப்போது டொராண்டோவுக்காக மட்டையோடு நின்றவர் டேனி ஜான்சன். ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது ஆகஸ்ட் 26-இல். நடுவில் ஜூலையில் ஜான்சன் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டிருந்தார். அதனால் அவர் பாதியில் விட்டுப்போன இடத்தில் டொராண்டோவுக்கு வேறொருவர் மட்டையோடு வந்து நிற்க, பாஸ்டனின் கேட்சராக அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடித்தவர் ஜான்சன். ஒரே ஆட்டத்தில் இரு அணிக்கும் ஆடிய முதல் மேஜர் லீக் ஆட்டக்காரர் ஆனார். டொராண்டோ 4-1 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்துக்கு ஜூனில் யாராவது 58 சென்ட் வைத்திருந்தால், இரண்டு மாதமும் அந்தப் பணம் எங்கே இருந்திருக்கும் என்பதற்கு விடை விதிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.